எண்ணெயில் நின்ற கூழைக்கடா

நவம்பர் 17, வியாழன்

வீட்டுக்குள் நின்ற தண்ணீர் இன்று காலையில் வடிந்துவிட்டது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. எல்லா மழைக்கும் சேற்றுக் கோடு விழும், விளக்குமாற்றால் தேய்த்தால் போய்விடும். இது போகவில்லை. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு இன்னும் அகலமாகப் பரவுகிறது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்த பிறகுதான் கொஞ்சம் விட்டது. அரிசி டிரம்மை மட்டும் முன்கூட்டியே கட்டில்மேல் ஏற்றியிருந்ததால் தப்பித்தது. மிக்ஸி போயிற்று. மகள் சுடர் வேலூர் ஹாஸ்டலிலிருந்து போன் செய்து வரட்டுமா என்றாள். வராதே, இங்கே மூச்சுவிட முடியவில்லை, நர்சிங் பரீட்சையைப் பார் என்றேன்.

புயலன்று ஷிப்டுக்குப் போன இவர் நேற்றுதான் வந்தார். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் எண்ணெய்க் கம்பெனியில் காண்ட்ராக்டரின் கீழ் பம்ப் ஓட்டுகிறார். வந்ததும் படுத்துவிட்டார்.

"என்ன நாத்தம் இது? கெரசினும் இல்ல, டீசலும் இல்ல" என்றேன்.

"லாரி ஷெட்டுல தண்ணி பூந்திருக்கும். ரோட்டு ஆயிலு" என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

அவர் சட்டையை ஊறவைத்தேன். தோள்வரைக்கும் எண்ணெய். பம்ப் ரூம் வேலை, எப்போதும் இருப்பதுதான்.

நவம்பர் 18, வெள்ளி

நான் வேலை செய்யும் மெடிக்கல் ஷாப்பை முதலாளி இன்னும் திறக்கவில்லை. என் தம்பி கோதண்டம் காலையில் வந்தான். வாசலிலேயே நின்று இரண்டு கையையும் காட்டினான். கறுப்புக் கையுறை போட்டதுபோல் இருந்தது.

"வலை மொத்தமும் போச்சுக்கா. படகு, கயிறு, நங்கூரம் எல்லாம் தார் பூசினாப்ல இருக்குது. கழியில துடுப்பு போட்டா தண்ணி தெறிக்க மாட்டேங்குது, கூழு மாதிரி அசையுது."

எங்கள் குப்பத்துக்குப் பின்னால் கால்வாய் வந்து கலந்த ஆறு கடலில் சேரும் முன் அகலமாகப் பரந்து கிடக்கிறதே, அந்த உப்புத்தண்ணீர்தான் கழி. இறாலும் நண்டும் மடவையும் அதிலிருந்துதான். இவர் உள்ளே படுத்திருந்தார். தம்பியின் குரல் கேட்டும் எழுந்து வரவில்லை.

மாலையில் பைனாகுலரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பறவைக் குழுவோடு நிற்கும் அதே இடம். வழக்கமாகப் பார்க்கும் உள்ளான்கள் ஒன்றுகூட இல்லை. அலையாத்திச் செடிகளின் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பு, மேல்பாதி பச்சை. அளந்து பூசியது மாதிரி.

தூரத்தில் மூழ்கிப்போன ஒரு படகின் விளிம்பில் ஒரு பறவை நின்றது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை. முழுக்கக் கறுப்பு. நீர்க்காகம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் உடம்பு அதைவிட மிகப் பெரிது. நாரை என்றால் கால் நீளமாக இருக்க வேண்டும், இதற்குக் கால் குட்டை. தலையை முதுகுக்குள் புதைத்துக்கொண்டே இருந்ததால் அலகைப் பார்க்க முடியவில்லை. இருட்டும்வரை நின்றேன். பறக்கவில்லை.

நவம்பர் 19, சனி

கூழைக்கடா.

காலையில் வெயில் ஏறியதும் தலையை வெளியே எடுத்து, அலகை மேலே தூக்கி வாயைப் பிளந்தது. அடியில் பை தொங்கியது. பையின் உள்பக்கம் மட்டும்தான் அதன் சொந்த நிறம், வெளிறிய மஞ்சள் கலந்த தோல் நிறம். மற்ற எல்லாம் எண்ணெய். இவ்வளவு பெரிய பறவையை, குளிர்காலம் முழுக்க இங்கே பார்க்கிற பறவையை, நேற்று இருட்டும்வரை என்னவென்றே தெரியாமல் பார்த்திருக்கிறேன்.

வாயை மூடியதும் மறுபடி இறகு கோத ஆரம்பித்தது. மார்பு, இறக்கை, மறுபடி மார்பு. நிறுத்தவே இல்லை.

படம் எடுத்து டாக்டர் ரெஹானாவுக்கு அனுப்பினேன். எங்கள் பறவைக் குழுவில் இருக்கும் கால்நடை மருத்துவர். உடனே கூப்பிட்டாள்.

"அது சுத்தம் பண்ணிக்குதுன்னு நினைக்காதீங்க வேதாக்கா. ஒவ்வொரு தடவை கோதும்போதும் எண்ணெய விழுங்குது. இறகுல எண்ணெய் பட்டா தண்ணி உள்ள இறங்கிடும். உடம்பு நனைஞ்சு குளிர் எடுக்கும். அதனால இன்னும் கோதும்."

"புடிச்சிடலாமா?"

"தெம்பு இருக்கிற வரைக்கும் புடிக்க விடாது. துரத்தினா இருக்கிற தெம்பும் போயிடும். அசையாம நிக்கிற நேரம் பார்த்துப் போகணும்."

"தெம்பு போன பிறகு புடிச்சா?"

"பார்க்கலாம்க்கா. ரோடெல்லாம் தண்ணி. நான் எப்படியாவது வரப் பார்க்கிறேன்" என்றாள்.

நவம்பர் 20, ஞாயிறு

ரெஹானா வரும்வரை பொறுக்க முடியவில்லை. கோதண்டத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு இதில் விருப்பமில்லை. "மனுசனுக்கே நாதியில்ல, பறவைக்குப் போறியாக்கா" என்றான். ஆனாலும் வந்தான்.

மோட்டார் போடாமல் கம்பு ஊன்றியே போனோம். படகைச் சுற்றி எண்ணெய் தோல்தோலாக விலகியது. பறவை எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வலை வீசுகிற தூரத்துக்கு வந்தோம். கோதண்டம் கையை ஓங்கியதும் தண்ணீரில் குதித்துவிட்டது. இறக்கையை அடித்து அடித்து, பறக்கவும் இல்லாமல் நீந்தவும் இல்லாமல், எண்ணெய் கனமாகக் கிடக்கும் அலையாத்திப் பக்கமே போயிற்று. நாங்கள் போகாதிருந்தால் அந்தப் பக்கம் போயிருக்காது.

செடிகளுக்குள் படகு நுழையாது. கொஞ்ச நேரம் இறக்கை அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

திரும்பும்போது கோதண்டம், "அது தப்பிச்சுப் போவுதுன்னு நெனச்சுக்கினு போவுதுக்கா" என்றான்.

நவம்பர் 21, திங்கள்

மறுபடி அதே படகு விளிம்பில் நிற்கிறது. மூக்குவரைக்கும் கறுப்பு. தேங்காயெண்ணெய் தீர்ந்துவிட்டது, எல்லார் வீட்டிலும் கை கழுவ அதுதான்.

நவம்பர் 22, செவ்வாய்

கடை திறந்தாயிற்று. அரிப்புக்குக் களிம்பு கேட்டு வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்தே பொழுது போயிற்று. குழந்தைகளுக்குக் கால் முழுக்கத் தடிப்பு. டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. களிம்பும் மத்தியானத்தோடு தீர்ந்தது.

அதிகாரிகள் படகில் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். கம்பெனியிலிருந்தும் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் வந்தார். ஊரெல்லாம் பெய்த மழை எங்கெங்கோ கிடந்த எண்ணெயை அடித்துக்கொண்டு வந்துவிட்டது, எங்கள் வளாகத்திலிருந்து ஒரு சொட்டும் வெளியே போகவில்லை என்றாராம். இருந்தாலும் மனிதாபிமானமாக டிரம்மும் மக்கும் கொடுத்திருக்கிறார்கள். நம் ஆட்களே எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்ற வேண்டும்.

மக்கு. குளிக்கிற மக்கு.

கோதண்டம் கடைக்கு வந்தான். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டான்.

"மாமா புயலன்னைக்குக் கம்பெனி உள்ளதானே இருந்தாரு. எதனா சொன்னாராக்கா?"

தெரியாது என்றேன். தெரியாதுதான்.

நவம்பர் 24, வியாழன்

இவரை ஒரு வாரம் வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்களாம். உடம்பு சரியில்லை என்று இவர் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்களாம். நல்லதுதான், தூக்கமும் சரியில்லை.

காலையில் பறவை சாப்பிடப் பார்த்தது. படகு விளிம்பிலிருந்து இறங்கி, தலையைத் தண்ணீரில் விட்டு எடுத்தது. பை நிறையத் தண்ணீர். மார்போடு அழுத்தி வடித்தது. வடிந்தது கறுப்பு. மீன் இல்லை. கழியில் மீனே இல்லை, செத்ததெல்லாம் கரையில் ஒதுங்கி நாறுகிறது. மறுபடி மொண்டது, மறுபடி வடித்தது. நாலைந்து தடவைக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் வடக்கேயிருந்து கூழைக்கடாக் கூட்டம் ஒன்று வந்தது. வெள்ளை வெளேரென்று வட்டமடித்தன. அதில் ஒன்று மட்டும் தாழ இறங்கி, இதன் தலைக்கு மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போயிற்று. இது கழுத்தை நீட்டிப் பார்த்தது. இறக்கையைக்கூட விரித்தது.

ராத்திரி சோறு போடும்போது இவர் கேட்டார்.

"அந்தப் பறவை இன்னும் இருக்குதா?"

"இருக்கு."

"பறக்குமா?"

"பறக்காது."

பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். தலைவலியாக இருக்கும். மாத்திரை கொடுத்தேன்.

நவம்பர் 25, வெள்ளி

மழை. பாலத்துக்குப் போகவில்லை. வாயில்லாத ஜீவன் நனைந்துகொண்டிருக்கும்.

நவம்பர் 27, ஞாயிறு

ரெஹானா வந்துவிட்டாள். நீளக் கம்பு வைத்த வலை, பழைய பெட்ஷீட், அட்டைப்பெட்டி எல்லாம் கொண்டுவந்தாள். நான் கடையிலிருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் எடுத்துவந்திருந்தேன். உடனே குளிப்பாட்டக் கூடாதாம். முதலில் சூடு, பிறகு குழாய் வழியாகக் கரைசல். கொஞ்சம் தேறினால்தான் சோப்புத் தண்ணீர்.

கிளம்பும்போது இவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "நானும் வரேன்" என்றார். கோதண்டம் என்னைப் பார்த்தான். நான் ரெஹானாவின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

தண்ணீர் வற்றிய நேரம். பறவை சேற்றில் நின்றது. ஆளுக்கொரு பக்கமாகப் போவது, படகு விளிம்புக்கும் மேட்டுக்கும் நடுவில் மடக்குவது என்று ரெஹானா சொல்லிக்கொடுத்தாள். நான் படகிலேயே இருந்தேன். இவர் இடுப்புவரை சேற்றில் இறங்கி, யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் முன்னால் போனார். கை எட்டும் தூரம்வரை போய்விட்டார். பறவை அலகைத் திறந்து இவர் முகத்துக்கு நேராக ஒரு சத்தம் போட்டது. கூழைக்கடாவின் சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கரகரவென்று, வறண்ட தொண்டையில் காறுகிற மாதிரி.

இவர் கை நீட்டவில்லை.

"மாமா, அமுக்குங்க" என்று கோதண்டம் கத்தினான். இவர் அசையவே இல்லை. பறவை இவர் பக்கத்திலேயே, இவர் இடுப்பை உரசிக்கொண்டு நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. கோதண்டம் கம்பு வலையைப் படகில் போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் இவர் காலுக்கு மண்ணெண்ணெய் தேய்த்துவிட்டேன். அப்போது சொன்னார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பம்ப் ரூம்ல தண்ணி ஏறிச்சு. வெளியூர்ப் பசங்க ரெண்டு பேரு கீழ மாட்டிக்கினாங்க. கதவு தொறக்க முடியல, தண்ணி அழுத்துது. பக்கத்துல கழிவுத் தொட்டி ரொம்பி வழியுது. சூப்பர்வைசருக்குப் போன் பண்ணேன். ஷட்டரத் தொற, கால்வாய்க்கு விடுன்னான். சார், மேல எண்ணெ நிக்குதுன்னேன். தொறடான்னான். தொறந்தேன். தண்ணி எறங்கிச்சு, பசங்க வெளிய வந்தாங்க."

"அந்தப் பசங்க?"

"மறுநாளே ரயில் ஏத்தி அனுப்பிட்டாங்க. இப்ப சூப்பர்வைசர் நீ எனக்குப் போனே பண்ணலன்றான்."

இன்னொரு காலைக் காட்டுங்கள் என்றேன். கணுக்காலில் நிறைய ஒட்டியிருந்தது.

நவம்பர் 28, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. கடையில் கணக்கு இரண்டு முறை தப்பாகக் கூட்டினேன். பறவையைப் பார்க்கப் போகவில்லை.

நவம்பர் 30, புதன்

காண்ட்ராக்டர் வீட்டுக்கே வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை. சுவரில் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"குஜராத்ல நம்ம சைட்டு ஒண்ணு இருக்குது தேசப்பா. தங்க எடம், சாப்பாடு எல்லாம் உண்டு. செவ்வாக்கெழம டிக்கெட் போட்டாச்சு. ஆறு மாசம் இருந்துட்டு வா."

"திங்கக்கெழம குப்பத்துல விசாரணைன்றாங்களே" என்றார் இவர்.

"அதுக்கும் உனக்கும் என்ன? நீ பாட்டுக்கு மூட்டை கட்டு." என்னிடம் திரும்பி, "நீ சொல்லும்மா. படிச்சவ" என்றார்.

நான் டீ போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

அவர் போன பிறகு பருப்பு வேகவைத்தேன். இவர் டியூப்லைட்டைச் சரி செய்தார். குஜராத்தில் இப்போது குளிராக இருக்கும், போர்வை ஒன்று கூட எடுத்துவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 1, வியாழன்

பிடித்துவிட்டோம். பிடித்தோம் என்று சொல்லக்கூடாது.

காலையில் கடைக்குப் போகும் முன் பாலத்திலிருந்து பார்த்தேன். படகு விளிம்பில் இல்லை. கரை ஓரமாக, மக்கால் எண்ணெய் மொள்ளுகிறவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, மேட்டில் உட்கார்ந்திருந்தது. மனிதர்கள் இருக்கும் பக்கம் அதுவாகவே வந்திருக்கிறது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் போனேன். ஓடவில்லை. துப்பட்டாவை அதன்மேல் போட்டு, அலகைச் சேர்த்துப் பிடித்து, இரண்டு கையாலும் தூக்கினேன். இவ்வளவு பெரிய பறவை ஒன்றும் கனக்கவே இல்லை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி என் கையில் பட்டது. தலையை என் முழங்கையில் சாய்த்துக்கொண்டது.

எத்தனை பேர் சேர்ந்து துரத்தினோம். கடைசியில் நான் ஒருத்தி போய் எடுத்துக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

ரெஹானா ஆட்டோவில் வந்து வாங்கிக்கொண்டு போனாள். கடைக்கு இரண்டு மணி நேரம் லேட். முதலாளி என் சுடிதாரைப் பார்த்துவிட்டு ஒரு சோப்பை எடுத்து நீட்டினார்.

டிசம்பர் 2, வெள்ளி

மத்தியானம் வேலை முடிந்து ரெஹானாவின் கிளினிக்குக்குப் போனேன். மஞ்சள் பல்புக்குக் கீழே, துண்டு விரித்த கூடையில் இருந்தது. குழாய் வழியாகக் கொடுத்த கரைசலில் பாதி திரும்ப வந்துவிட்டதாம். அதிலும் கறுப்பு.

"கண்ணு நல்லா முழிச்சுப் பாக்குதுல்ல?" என்றேன்.

"பாக்குதுக்கா" என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே ஒருமுறை இறக்கையைக் கொஞ்சம் தூக்கியது. கோத வேண்டுமென்று அலகைத் திருப்பியது. மார்புவரைக்கும் கொண்டுபோக முடியவில்லை. அப்படியே அலகைத் துண்டில் வைத்தது. அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ரெஹானா அதன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு பல்பை அணைத்தாள். பிறகு சமையல் எண்ணெய் தொட்ட பஞ்சால் அலகைத் துடைத்தாள். எதற்கு இனிமேல் என்று நான் கேட்கவில்லை. கறுப்பு விலகி, வெளுத்த ரோஜா நிறத்தில் அலகு வந்தது. மேல் அலகின் ஓரத்தில் மங்கலாக, பென்சிலால் தொட்டு வைத்த மாதிரி வரிசையாகச் சில புள்ளிகள்.

"புள்ளி அலகு கூழைக்கடா" என்றாள். "இளசுக்கா. குஞ்சுக்குப் புள்ளி இருக்காது, வளர வளரத்தான் வரும். இதுக்கு இப்பதான் வர ஆரம்பிச்சிருக்கு."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

டிசம்பர் 5, திங்கள்

மீன் ஏலக்கூடத்தில் விசாரணை. குப்பம் மொத்தமும் வந்திருந்தது. முன்னால் மேஜை போட்டு அதிகாரி ஒருவர், பக்கத்தில் கம்பெனியின் வெள்ளைத் தொப்பிக்காரர். கோதண்டம்தான் முதலில் பேசினான். வலையைக் கொண்டுவந்து மேஜைக்கு முன்னால் போட்டான். நன்றாகப் பேசினான். அவனுக்கு இப்படிக் கோர்வையாகப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. வெள்ளைத் தொப்பிக்காரர் எழுந்து மழையைப் பற்றிச் சொன்னார்.

நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். இவர் வீட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். காலையில் நான்தான் போர்வையை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திடீரென்று பின்பக்கம் சலசலப்பு. திரும்பிப் பார்த்தால் இவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்று, என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னார். பம்ப் ரூம், பசங்க, போன், ஷட்டர். "நாந்தான் சார் தொறந்தேன்" என்று முடித்தார்.

அதிகாரி வெள்ளைத் தொப்பிக்காரரைப் பார்த்தார். தொப்பிக்காரருக்குக் கோபமே வரவில்லை.

"இவர் எங்க ஆள் இல்ல சார். காண்ட்ராக்டர் ஆள். அன்னைக்கு வேலைக்கே வரல. பாவம், வேலைய விட்டு நிறுத்தினதுல இப்படிப் பேசுறார்."

"அன்னைக்கு நீங்க உள்ள இருந்ததுக்கு யார் சாட்சி?" என்று அதிகாரி இவரிடம் கேட்டார்.

"அந்தப் பசங்க ரெண்டு பேரும் சார்."

"பேரு? ஊரு?"

ஒருவன் பெயரை மட்டும், அதுவும் கூப்பிடுகிற பெயரை, சொன்னார். ஊர் தெரியவில்லை. ஒடிசாப் பக்கம் என்றார்.

பின்னால் யாரோ, "இவ்ளோ நாளு வாயில என்னா வெச்சிருந்த" என்றார்கள். அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். இவர் தலையைக் குனியவில்லை. பேசியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோதண்டம் சத்தம் போடவில்லை. நேராகப் பெண்கள் பக்கம் வந்து என் முன்னால் நின்றான்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றேன்.

வலையைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டான்.

"வேற யாராவது பேசணுமா?" என்று கேட்டார் அதிகாரி.

டிசம்பர் 6, செவ்வாய்

ரயில் போய்விட்டது. இவர் போகவில்லை. காலையில் ஷிப்டுக்கு என்று கிளம்பிப் போனார். கேட்டில் உள்ளே விடவில்லையாம். போர்வையை மடித்து பீரோவில் வைத்தேன்.

டிசம்பர் 8, வியாழன்

தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது யாரும் இடிக்கவில்லை, யாரும் பேசவும் இல்லை. கடையில் களிம்பு வாங்க வருகிறவர்கள்கூட முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். எனக்குக் கஷ்டமாக இல்லை, வேலை குறைவு.

இவர் எண்ணெய் மொள்ளுகிற இடத்துக்குப் போய் நின்றாராம். டிரம் இருக்கிறது, ஆள் போதும் என்றிருக்கிறார்கள். அங்கேயே கரையில் சாயங்காலம்வரை உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்ததும் என்னைக் கேட்டார்.

"நான் தொறக்காம இருந்திருக்கணுமா வேதா?"

அந்த இரண்டு பையன்களையும் நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு என்ன வயது என்று கேட்டேன். ஒருத்தனுக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை என்றார். ரசம் சூடாக இருக்கிறது, சாப்பிடுங்கள் என்றேன். இன்று சாப்பிட்டார்.

டிசம்பர் 11, ஞாயிறு

காலையில் கோதண்டம் வந்தான். படியேறவில்லை, தெருவிலேயே நின்றான்.

"அக்கா, அலையாத்திக்கு அந்தாண்ட இன்னொண்ணு நிக்குது. கூழைக்கடாதான்னு நெனைக்கிறேன். நீ வந்து பாரு." தெருவைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு ஆளு வேணும்" என்றான்.

இவர் உள்ளேயிருந்து எழுந்து துண்டை எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கரைக்கு நடந்தோம். தெருவில் பார்த்தார்கள்.

படகில் கோதண்டம் பின்னால், இவர் முன்னால், நான் நடுவில். கழியின் நடுப்பகுதியில் எண்ணெய் கொஞ்சம் விலகியிருக்கிறது, தண்ணீர் தெரிகிறது. ஓரமெல்லாம் அப்படியேதான். பைனாகுலரில் பார்த்தேன். கூழைக்கடாதான். வளர்ந்தது. எண்ணெய் மார்பில் மட்டும், இறக்கையில் பாதி. அலகில் புள்ளிகள் இங்கிருந்தே தெரிந்தன. எங்களைக் கண்டதும் விறைத்து நின்றது. இன்னும் கொஞ்சம் போனதும் இறக்கையை அடித்து எழும்பி, தண்ணீரை உரசிக்கொண்டே பறந்து அடுத்த மேட்டில் போய் இறங்கியது.

"போலாமா?" என்றான் கோதண்டம்.

"வேணாம். இதுக்குத் தெம்பு இருக்கு" என்றேன். அதைச் சொல்ல சந்தோஷமாகவும் இருந்தது, பிடிக்க முடியாதே என்றும் இருந்தது.

அவன் கம்பை ஊன்றிப் படகை நிறுத்தினான். காத்திருப்பதைத் தவிர செய்ய ஒன்றுமில்லை. பறவை கோத ஆரம்பித்தது. வெயில் ஏறியது. இவர் இன்னும் சரியாகப் பார்க்க வேண்டுமென்று எழுந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தார். படகு ஆடியது.

"மாமா" என்றான் கோதண்டம். விசாரணைக்குப் பிறகு அவன் இவரிடம் பேசிய முதல் வார்த்தை. "அந்தாண்ட தள்ளி உக்காருங்க. படகு சாயுது."

இவர் தள்ளி உட்கார்ந்தார்.